மேலதிகம் அரைக் கிலோ

சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்கம்
குகதாசன் அண்ணையின் பார்சல் கடை.
காலை எட்டரைக்குத் தராசின் சிவப்பு இலக்கங்களைப்
பூச்சியத்துக்குக் கொண்டுவருவது என் வேலை.
பிறகு பைகளைத் திறப்பது.

மிளகாய்த்தூளுக்குள் நான் விரல் விடுவதில்லை.
தூக்கிப் பார்த்தாலே தெரியும்
நடுவில் சங்கிலி இருக்கிறதா, வெறும் தூளா என்று.
புழுக்கொடியலுக்கு அடியில் கருவாடு,
குழந்தைச் சட்டையின் மடிப்புக்குள் பேர் எழுதாத மருந்து.
"இது போகாது அக்கா. அங்கை பிடிப்பாங்கள்."
வருகிறவர்களிடம் அண்ணை சொல்வார்,
தவறஞ்சினி கட்டின பெட்டி ஒண்டும் திரும்பி வந்ததில்லை.

எங்கே பழகினாய் என்று அவர் கேட்கவில்லை.
பம்பைமடுவில் எனக்குத் தந்த சான்றிதழ்
கேக்கில் ஐசிங் ரோசா போடத் தெரியும் என்கிறது.
மூன்று பேக்கரிகளில் காட்டினேன்.
ரோசாவைப் பார்த்தார்கள், பிறகு
அதற்கு முந்திய பத்து வருசத்தைப் பார்த்தார்கள்.

ஆனையிறவில் ஒரு துண்டு இரும்பு
இடது முழங்காலுக்குள் குடியேறிய பிறகு
ஓட முடியாதவளை மேசைக்கு அனுப்பினார்கள்.
முகமாலை. தகரக் கொட்டில், நீல மை, நீளக் கொப்பி.
சூனியப் பிரதேசத்துக்கு அங்கால்
வேறு சீருடையில் ஒருத்தி
அதே பைகளை இரண்டாந் தரம் திறப்பாள்.
நான் கட்டியதை அவள் அவிழ்ப்பாள்.
முகம் கண்டதில்லை.
ஆனால் யாழ்ப்பாணத்தால் திரும்பும் பைகளில்
அவளுடைய முடிச்சு வரும்,
இறுக்கமாய், மறுவளமாய்ச் சுற்றி.
இடக்கைக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.
அவளுக்கும் இப்போது ஏதாவது வேலை கிடைத்திருக்கும்.

பைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
பாஸ் இல்லாத ஆட்களையும்
நான்தான் திருப்பினேன்.
ஒரு பங்குனி மத்தியானம், தாயும் மகளும்.
தாய்க்குப் பாஸ் இருந்தது.
மகளுக்குப் பதினேழு.
"பல்லு வைத்தியம் தங்கச்சி, பின்னேரம் வந்திடுவம்."
பெட்டைக்குப் பல்லில் ஒன்றுமில்லை என்று
எனக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும்.
கொப்பியில் எழுதினேன்:
நிரோஜினி கதிர்காமத்தம்பி. திரும்ப.
அந்த ஒரு சொல்லுக்கு
மை கொஞ்சம் கூடப் பிடித்தது.
அவர்கள் இரண்டு பேருமே திரும்பிப் போனார்கள்.
பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.
வட்டுவாகலில் நானும் வரிசையில் நின்றேன்,
என் பேரையும் ஒருவர் எழுதினார்.

நேற்று மழைக்கு ஒதுங்கினமாதிரி ஒரு அம்மா வந்தா.
ஒடியல் மா, பனங்கட்டி, வறுத்த கோப்பி,
சின்னப் பிள்ளைக்கு இரண்டு பருத்திச் சட்டை.
படிவத்தைத் தந்து, "நீரே நிரப்பும், கண்ணாடி கொண்டுவரேல்லை" என்றா.
பெறுநர்?
சொன்னா.
ஸ்காபரோ, இலக்கம், வீதி, எல்லாம் மனப்பாடம்.
எழுதினேன். எழுத்து பிழைக்கவில்லை.
கை மட்டும் ஒருக்கால் நின்றது,
ஒரு உயிர் இருக்கிறதென்று
அப்போதுதான் அறிந்த கை.

தராசு அரைக் கிலோ கூடக் காட்டியது.
பனங்கட்டியை வெளியே எடுக்கவோ என்று கேட்டா.
"பரவாயில்லை அம்மா" என்றேன்.
என் சம்பளத்தில் கழியும். அது பெரிதில்லை,
பெரிதென்று நினைக்கவும் எனக்கு உரிமையில்லை.

மூலைகளை மடித்து, அடியில் கடுதாசி வைத்து
மூடியதைப் பார்த்துக்கொண்டே நின்றா.
"நல்ல கை. எங்கை பிள்ளை பழகினனீர்?"

தையல் கடையில் என்றிருக்கலாம்.
மாதத்தில் ஒருக்கால் வந்து விசாரிக்கிறவர்களிடம்
எத்தனையோ சொல்லியிருக்கிறேன்.

"முகமாலையிலை."

மழை தகரத்தில் விழுந்தது.
அண்ணை கல்குலேட்டரில் இருந்து தலையெடுக்கவில்லை.
அம்மா என் முகத்தைப் பார்த்தா,
பிறகு மேசையில் கிடந்த பேனையை,
பிறகு நீண்ட நேரம் பெட்டியை.
காசை எண்ணி வைத்தா. மிச்சம் வாங்கினா.
பற்றுச்சீட்டை நாலாய் மடித்தா.
படியில் இறங்கியவ திரும்பி,
என்னையல்ல, பெட்டியைப் பார்த்துச் சொன்னா:

"அப்ப நாடாவை இன்னொருக்காச் சுத்தும்."